அவர் மால்ட்டாவுக்குப் போய் வந்தவர்

ஒரு நேர்மையான மனிதரை நான் கள்ளன் ஆக்கினேன். அதற்கு எனக்கு இரண்டு வசனங்கள் போதுமாக இருந்தன. ஒன்று உண்மை, மற்றது பொய். "அவர் நவம்பரில்தான் மால்ட்டாவிலிருந்து திரும்பி வந்தவர்" என்பது உண்மை. "இல்லை, அப்படி ஒன்றையும் நான் காணவில்லை" என்பது பொய். இரண்டையும் தொலைபேசியில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னேன். இந்த இடத்தில் பலர், அன்று எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுதுவார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய காலை அது. என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவன். மெல்பேர்னுக்கு வந்தபோது என் பட்டங்களைப் பார்த்த ஒரு பெண்மணி, மிகவும் சிறப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவற்றை என்னிடமே திருப்பித் தந்தாள். அதன் பிறகு சூப்பர்மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்கினேன். பிறகு ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவினேன். தவளையை எப்படி அறுப்பது என்று தெரியாத ஒரு வாத்தியாருக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் இரக்கம் தேட எழுதவில்லை. என்னைவிடப் படித்தவர்கள் டாக்சி ஓட்டினார்கள், அவர்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

என்னை மதித்த ஒரே இடம் கடற்பறவைக் குழு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தாதிகள், ஒரு மரவேலைக்காரர், எல்லாரும் வெள்ளைக்காரர். அவர்கள் என்னைப் 'புரொபெசர்' என்று கூப்பிட்டார்கள். நான் ஒருநாளும் பேராசிரியராக இருந்ததில்லை, சிரேஷ்ட விரிவுரையாளர் மட்டுமே. இருந்தும் நான் அவர்களைத் திருத்தவில்லை.

குழுவின் வேலை இது. புயல் அடித்து ஓய்ந்த பிறகு பெருங்கடலைப் பார்த்த கரைகளில் நடக்க வேண்டும். அலை ஒதுக்கிய செத்த பறவைகளைப் பொறுக்கி, இனம் கண்டு, ஒரு செட்டையின் நுனியைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். அடுத்து வருபவர் அதே பறவையை மறுபடி எண்ணாமல் இருப்பதற்காக. கிடப்பவை பெரும்பாலும் இங்கத்தைய கறுப்பு ஷியர்வாட்டர்கள். அலைக்கு மேலே சிறகடிக்காமல், ஒரு செட்டை நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சரிந்து பறக்கிற கடற்பறவைக் குடும்பம் அது. அலாஸ்கா வரை போய்த் திரும்புகிற களைப்பில் செத்துக் கரையொதுங்கும். மோர்னிங்டன் தீபகற்பத்தின் பின்பக்கத்தில், 'பேக் பீச்' என்று சொல்லுகிற கரையொன்றை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆண்டாண்டாக நடந்தேன். ஒரு அபூர்வப் பறவையும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் கள்ளன் ஆக்கிய அந்த மனிதரை முதலில் கண்டது கேரம் டவுன்ஸ் கோயில் கார் நிறுத்துமிடத்தில். அர்ச்சனைத் தட்டோடு நின்று குப்பைத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது என்னங்க கொக்கு, குப்பைத் தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்குது?"

"கொக்கில்லை, ஐபிஸ். தமிழிலை அரிவாள்மூக்கன் எண்டு சொல்லுவினம்."

"பேரு வச்சவன் மூக்கைப் பாத்துதான் வச்சிருக்கானுங்க. வேலையைப் பாத்திருந்தா வேற பேரு வச்சிருப்பான்."

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். மின் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு இருக்க வந்தவர். "எங்க ஊர்ல கடல் பாக்கணும்னா லீவு போடணுமுங்க" என்றார். நான்தான் அவரைக் குழுவில் சேர்த்தேன். நான்தான் அவருக்கு முதல் செத்த பறவையைக் கையில் கொடுத்தேன். வாங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் விரித்துப் பார்த்தார். அடுத்த கிழமை ஒரு வேர்னியர் அளவுகோலோடு வந்து எல்லாவற்றையும் அளந்தார். அலகு, கால், செட்டை, எதையும் விடவில்லை. நான் கண்ணால் பார்த்துச் சொல்லுவேன், அவர் அளந்துவிட்டு, "சார் சொன்னது சரிதானுங்க" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. என் மனைவி இடியப்பம் அவித்தால் அவருக்கும் சேர்த்து அவிப்பாள். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பிடிக்காத ஒருவருக்குச் செய்திருந்தால் என் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திராது.

அந்த ஆண்டு அவருடைய மகள் அவரை மால்ட்டாவுக்குக் கூப்பிட்டிருந்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை. அவர் கோயில் பார்ப்பதுபோலக் கடற்பறவை பார்த்துவிட்டு வந்தார். பொழுது படுகிற நேரத்தில் ஒரு சிறிய படகில் மகளைக் கூட்டிக்கொண்டு பாறைச் சுவர்களின் அடிக்குப் போயிருக்கிறார். அங்கேதான் மத்தியதரைக் கடலின் பெரிய ஷியர்வாட்டர் கூடு வைக்கிறது. அதற்கு ஒரு பழைய இயற்கையியலாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தீவு மீனவர்கள் அதற்கு வைத்த பெயர்கள் எத்தனையோ கிடக்க, கடைசியில் ஏட்டில் ஏறியது ஒரு கனவானின் பெயர்.

அது பகலில் நிலத்துக்கு வராது. இருளும் வரைக்கும் கூட்டமாகக் கடலிலேயே மிதந்துகொண்டிருக்கும். நிலவு வெளிச்சம் இருந்தால் அதற்கும் பயம். இருண்ட பிறகு ஒவ்வொன்றாகப் பாறை இடுக்குக்குள் நுழையும். ஒரே இணை, ஒரே இடுக்கு, ஆண்டுக்கு ஒரே முட்டை. வரும்போது கத்துகிற கத்து, பிள்ளை அழுவதுபோல இருக்கும். ஆணின் குரல் கூர்மை, பெட்டையின் குரல் கரகரப்பு.

"சார், முதல் சத்தம் கேட்டதும் என் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டா" என்று சொன்னார். "நாப்பது வயசுக்காரிங்க. சின்னப்புள்ளையில புடிச்ச மாதிரி புடிச்சா."

ஐப்பசி வந்தால் அவை ஜிப்ரால்டர் தொடுவாய் தாண்டி அட்லாண்டிக்குக்குப் போகும். ஆபிரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, எங்களுக்குக் கோடை காய்கிற மாதங்களை அங்கே கழிக்கும். ஒன்றிரண்டு வழி தவறி இந்து சமுத்திரத்துக்குள் வரலாம். இன்னும் தள்ளி இங்கே வந்தால், அது பெரிய செய்தி.

அவர் திரும்பி வந்த பிறகு, தை மாதத்தில், மெல்பேர்ன் அடுப்பாய்க் கிடந்து, ஒரு பின்னேரம் திடீரென்று தென்மேற்குக் காற்று மாறி அடித்தது. இரவிரவாக வீட்டுக் கூரை அதிர்ந்தது. அடுத்த நாள் கரைக்குப் போவோமா என்று தொலைபேசியில் கேட்டார்.

"கோடைக் காத்து ஒண்டையும் கொண்டு வராது. பேசாமல் படுங்கோ" என்றேன்.

அவர் படுக்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்தார். பின்னால் அலையின் இரைச்சல் கேட்டது.

"சார், ஒண்ணு கிடக்குதுங்க. கருப்பு இல்லீங்க, வெள்ளை வயிறு. அலகு மஞ்சள். கத்தரியைத் தொடவே இல்லீங்க, நீங்க வந்து பாத்துதான்."

போனேன். மணலில் அவருடைய காலடியும் அந்தப் பறவையும்தான். சாம்பல் பழுப்பு முதுகு. முகத்தில் கோடு இல்லை, அதனால் ஜப்பான் பக்கத்து ஷியர்வாட்டர் இல்லை. தடித்த மஞ்சள் அலகு, நுனியில் கருமை. என் நெஞ்சு அடித்தது. அது அடித்தது பறவைக்காக மட்டும் அல்ல. என் கரையில், நான் படுத்திருந்த நேரத்தில், இன்னொருவருக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காகவும்தான்.

"அட்லாண்டிக் இனம்" என்றேன். அட்லாண்டிக் தீவுகளில் கூடு வைக்கிறவை கொஞ்சம் பெரியவை. முன்பு அவற்றையும் மத்தியதரைக் கடல் இனத்தையும் ஒன்றென்றே எண்ணினார்கள்.

அவர் குந்தியிருந்து செட்டையை மெல்ல விரித்து அடிப்பக்கத்தைக் காட்டினார். "சார், வெள்ளை எங்க நிக்குதுன்னு பாருங்க."

அட்லாண்டிக் இனத்தில், செட்டையின் அடி வெள்ளை, பறக்கும் பெரிய இறகுகள் தொடங்குகிற இடத்தோடு நின்றுவிடும். இதில் நிற்கவில்லை. ஒவ்வொரு இறகுக்குள்ளும் நாக்குப்போல நீண்டு கிடந்தது. அலகும் மெலிவு. அளந்தும் வைத்திருந்தார். அவர் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. படித்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் முயலவில்லை, சந்தோசத்தில் காட்டினார். அவ்வளவுதான்.

செட்டையை என் கையில் தந்தபோது என் மணிக்கட்டில் என்னவோ ஊர்ந்தது. இறகுப் பேன். மெலிந்து நீண்ட ஒன்று, பிறகு இன்னொன்று.

"அய்யோ சார், பேன் ஓடுதுங்க!" என்று சிரித்தார். "மத்தியதரைக் கடல் பேன். விசா இல்லாம வந்திருச்சு."

நானும் சிரித்தேன். இதை வாசிப்பவர் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இறகுப் பேன் உயிருள்ள பறவையின் சூட்டில் வாழ்வது. பறவை செத்துச் சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு சாகும். குளிரில் உறைய வைத்தால் உடனே சாகும். ஆகவே அந்தப் பறவை அண்மையில் செத்தது. எங்கிருந்தோ பெட்டியில் உறைய வைத்துக் கொண்டுவரப்பட்டது அல்ல. அந்தப் பேன்கள் உயிரோடு என் தோலில் ஊர்ந்தன. விலங்கியல் படிப்பித்த எனக்கு அதன் அர்த்தம் அந்த நிமிடமே தெரியும்.

"கொண்டுபோய் ஃப்ரீசரிலை வையுங்கோ. அருங்காட்சியகத்துக்கு நான் கதைக்கிறன்" என்றேன். அது சரியான ஆலோசனை. எந்தக் குழுவிலும் அதைத்தான் சொல்லுவார்கள்.

அவருடைய மருமகள் அப்போது ஒரு விரதத்தில் இருந்தாள். செத்த பறவை குசினிக்குள் வந்தது தெரிந்தால் வீடு முழுக்கக் கழுவ வேண்டி வரும். அதனால் அவர் பறவையை இரண்டு பைகளில் சுற்றி, கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசரில், உறைந்த வாழையிலைக் கட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். தீட்டுக்குப் பயந்து ஒளித்தார். அதை வெள்ளைக்கார அதிகாரிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் அவர் படத்தைக் காட்டியபோது ஒரு அன்ரி, "பாவம், எங்களை மாதிரி அகதியா வந்து செத்திருக்கு" என்று கண் கலங்கினா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அகதி இல்லை அன்ரி. அதுக்குத் திரும்பிப் போக ஒரு பொந்து கிடக்கு, அதை ஆரும் எரிக்கேல்லை" என்றேன். அந்த நாட்களில் நான் எல்லார் மேலும் பாய்ந்துகொண்டிருந்தேன். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

குழுவின் மாதக் கூட்டத்தில் அவர் படங்களைத் திரையில் போட்டு ஆங்கிலத்தில் பேசினார். நல்ல பேச்சு. நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்து, "நம் புரொபெசர்கூட முதலில் அட்லாண்டிக் என்று ஏமாந்துவிட்டார்" என்றார். அன்போடுதான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மரவேலைக்காரர் என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு? ஆரும் செத்ததே?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத முகம் எனக்குத் தெரியும். இது அதில்லை."

சில நாளில் அபூர்வப் பதிவுகளைச் சரிபார்க்கும் குழுவின் செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மரியாதையான ஆள். இனம் பற்றிக் கேள்வி இல்லை, அது தெளிவு, ஆனால் பறவை அங்கேதான் ஒதுங்கியதா என்று ஒரு சாட்சி வேண்டும் என்றார். "நீங்கள் அவரை அறிவீர்கள். நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?"

அப்போதுதான் அந்த உண்மையைச் சொன்னேன். அவர் நவம்பரில்தான் மால்ட்டாவிலிருந்து வந்தவர். அந்த இனம் அங்கே கூடு வைக்கிறது, அவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தவர். நான் குற்றம் சாட்டவில்லை, தகவல் மட்டும் சொல்கிறேன் என்றும் சொன்னேன். இந்தக் கேவலமான கடைசி வசனம் இல்லாமல் ஒரு காட்டிக்கொடுப்பும் நடப்பதில்லை.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "உயிருள்ள பேன்களை நீங்களும் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார்" என்றார்.

"இல்லை, அப்படி ஒன்றையும் நான் காணவில்லை."

தேநீர் இன்னும் சூடாக இருந்தது. முழுவதையும் குடித்தேன்.

இந்த நாட்டுக்குள் ஒரு மாம்பழம்கூடக் கொண்டுவர முடியாது. செத்த பறவை என்றால் சொல்லத் தேவையில்லை. யாரோ யாருக்கோ சொல்ல, இரண்டு அதிகாரிகள் அவருடைய மகன் வீட்டுக்கு வந்தார்கள். ஃப்ரீசரைத் திறந்து, வாழையிலையைத் தூக்கி, அடியிலிருந்து பையை எடுத்தார்கள். ஒளித்து வைத்திருந்தது. உறைந்திருந்தது. பேன்கள் செத்திருந்தன. அவர்கள் கண்டது அவர்களுக்கு முன்னால் இருந்ததைத்தான். பறவையை எடுத்துப்போய் எரித்தார்கள். எச்சரிக்கை மட்டும் செய்து விட்டார்கள், வழக்கு வரவில்லை. ஆனால் மகன் அவருக்கு நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்திருந்த காலம் அது. வீட்டில் பூகம்பம்.

அன்று பின்னேரம் எனக்கு அழைத்தார். குரல் ஒடுங்கியிருந்தது.

"சார், என் மகனே நம்பமாட்டேங்கறானுங்க. 'ஏம்ப்பா அதைப் போய்க் கொண்டு வந்தீங்க, ஒரு பறவைக்காகவா'ங்கறான். நீங்க பேனைப் பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை அவன்கிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான். புரொபெசர்னு உங்க மேல அவனுக்கு அவ்வளவு மரியாதைங்க."

"எனக்குச் சரியா நினைவில்லை" என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லி வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அந்தச் 'சரிங்க'வில் தெரிந்தது. அதன் பிறகு குழுவுக்கு அவர் வரவில்லை. மகன் மேற்கே ட்ருகனினாவில் புது வீடு வாங்கி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனான். பதிவுக்கு எதிரே 'மூலம் ஐயத்துக்குரியது, ஏற்கப்படவில்லை' என்று எழுதினார்கள். நான் என் கரையில் தொடர்ந்து நடந்தேன். என்னைத் தொடர்ந்து புரொபெசர் என்றார்கள்.

மனச்சாட்சி என்னை உறுத்தியது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், உறுத்தலோடு வாழ முடியும். ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தேன். நான் வாய் திறந்தது வேறொரு நாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நடத்திய பெண், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் மாதிரிகளால் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று ஒரு பகுதி வைத்திருந்தாள். திரையில் அந்தப் பறவை வந்தது. அவர் செட்டையை விரித்துப் பிடித்த கை தெரிந்தது. விரலில் அவருடைய முருகன் மோதிரம். "விடுமுறை நினைவுப்பொருள்" என்று அவள் சொன்னாள். புதியவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு வந்தது ஆத்திரம். எழும்பினேன். கதிரை பின்னால் விழுந்தது. "அது நினைவுப்பொருள் இல்லை. அது இந்தக் கரையில் ஒதுங்கியது. அதன் பேன் என் கையில் ஊர்ந்தது. நான் பொய் சொன்னேன்" என்றேன். பொறாமையில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். என் ஆங்கிலம் உடைந்தது.

ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். யாராவது காறித் துப்புவார்கள், வெளியே போ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் என் கதிரையை நிமிர்த்தினார். ஒரு கிழவி என் முழங்கையைப் பிடித்து, இதைப் பகிர்ந்துகொள்ள மிகுந்த துணிச்சல் வேண்டும் என்றாள். பிறகு தேநீருக்குப் போனார்கள். எனக்குத் துணிச்சலாம்! அந்த மனிதரின் பெயரை அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

சரிபார்க்கும் குழுவுக்கும் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். மறுமொழி மரியாதையாக வந்தது. பறவை இப்போது இல்லை. பேனும் இல்லை. மிஞ்சியிருப்பது என் சாட்சியம் மட்டும். முதலில் ஒன்றும் பிறகு வேறொன்றும் சொன்ன ஒருவரின் சாட்சியத்தை அவர்கள் எந்தப் பக்கமும் எடுக்க முடியாது. வருந்துகிறார்கள். வாசித்துவிட்டு மேசையில் அடித்தேன். பொய்யனுடைய உண்மைக்கு என்ன விலை? அவர்கள் கணக்குச் சரி. அதுதான் என் ஆத்திரம்.

அன்றுதான் மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த மனிசன் என்ர கையாலை எத்தினை தரம் திண்டது. நீங்கள் மனிசரே?"

"அதுதான் இப்ப எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"எல்லாருக்கும் எண்டால் ஆருக்கு? அந்தாளின்ர மகனுக்குச் சொன்னனீங்களே? எனக்குச் சொல்லி என்ன, நான் என்ன கமிட்டியே? போங்கோ!"

போனேன். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, பாலத்தைத் தாண்டி, லொறிகளுக்கு நடுவில் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ட்ருகனினா வேர்ஹவுஸ்களும், ஒரே அச்சில் வார்த்த புது வீடுகளும், இன்னும் நிழல் தராத மரக்கன்றுகளுமாகக் கிடந்தது. கதவைத் திறந்தது மகன். நாற்பது வயதைத் தாண்டிய, கணினித் துறையில் வேலை செய்கிற, நல்ல முகமுள்ள பிள்ளை.

"அங்கிள்! வாங்க வாங்க. அப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

அவர் சோபாவில் இருந்தார். மெலிந்திருந்தார். எழும்பவில்லை. "வாங்க சார்" என்று மட்டும் சொன்னார். மருமகள் காப்பியும் முறுக்கும் கொண்டு வந்து வைத்தாள். நான் தொடவில்லை. நின்றபடியே மகனுக்குச் சொன்னேன். பறவை எங்கே கிடந்தது, நான் என்ன கண்டேன், தொலைபேசியில் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. "உங்கட அப்பா ஒரு பிழையும் செய்யேல்லை. கள்ளன் நான்" என்றேன்.

மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தான்.

"அங்கிள், யூ ஆர் ட்டூ குட். இந்த வயசுல, இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்து, அப்பா பண்ணதை உங்க மேல போட்டுக்கறீங்க பாருங்க. வேற யாரு செய்வா?"

"தம்பி, நான் போட்டுக்கொள்ளேல்லை. நான் செய்தனான்."

"புரியுது அங்கிள், புரியுது. அப்பாவுக்கு இப்படி ஒரு ஃப்ரெண்டு கிடைச்சதே பெருசு. அதெல்லாம் முடிஞ்சு போச்சு, விசாவும் ப்ராசஸ்ல இருக்கு. இனிமே நாம அதைப் பேசவே வேண்டாம், ஓகே?"

"அவர் சொல்றதைக் கேளுடா" என்றார் தகப்பன்.

"கேட்டேம்ப்பா. அவரு உங்களுக்காகச் சொல்றாரு. நீங்கதான் அவருக்குத் தேங்க்ஸ் சொல்லணும்."

நான் கத்தினேன். அந்த வீட்டில் கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பேனைப் பற்றி, அது எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். மகன் பொறுமையாகத் தலையாட்டினான். வயதானவர்களிடம் ஆட்டுகிற அந்தத் தலையாட்டல். மருமகள் கிளம்பும்போது ஒரு டப்பாவில் முறுக்குக் கட்டித் தந்தாள்.

கார் வரைக்கும் அவர் வந்தார். கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கோ."

"நீங்க பொய் சொன்னப்பவும் உங்களைத்தான் நம்புனாங்க. இப்ப நெசத்தைச் சொன்னப்பவும் நீங்கதான் பெரிய மனுசன். ரெண்டு தடவையும் நெசம் சொன்னது நானுங்க. எனக்கு என்னங்க கிடைச்சுது?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. கேட்டா நான் குடுக்கணும், குடுக்க மனசு இல்லீங்க. இங்க இனிமே வராதீங்க. உங்களை இந்த வீட்டுல திட்டக்கூட முடியாது எனக்கு. திட்டினா, அவ்வளவு நல்ல மனுசனைத் திட்டறேன்னு என்னைத்தான் சொல்லுவாங்க."

முறுக்கு டப்பாவைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

அதன் பிறகும் மகனுக்கு இரண்டு முறை எழுதினேன், ஆங்கிலத்தில், இடம் நேரம் எல்லாம் வைத்து. முதல் முறை சிவப்பு இதயப் படம் ஒன்று பதிலாக வந்தது. இரண்டாம் முறை, "டேக் கேர் அங்கிள்" என்று வந்தது. சென்ற மாதம் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான். அப்பாவின் உற்ற நண்பர் கட்டாயம் வர வேண்டுமாம். நான் வரவில்லை என்றேன். "உங்கட அப்பா என்னை வர வேண்டாம் எண்டவர். ஏன் எண்டு அவரிட்டைக் கேளுங்கோ. அவர் சொல்லுறதை நம்புங்கோ" என்றேன்.

அவன் சிரித்தான். "ரெண்டு பேருக்கும் என்ன அங்கிள் சண்டை, சின்னப் பசங்க மாதிரி?"

இன்னும் கூப்பிடுகிறான். நான் போகவில்லை. அந்த வீட்டில் அவர் என் முகத்துக்கு நேரே திட்டவும், மகன் அதைக் கேட்டுத் தலை குனியவும் ஒரு நாள் வந்தால் போவேன். அதற்காக மூன்றாம் முறையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.